ஊசியில் ஏறும் கதிர்: எவ்வளவு, யாருக்கு, எதற்கு?



அணு மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறவர்களை நோயாளியின் வீட்டார் தனியாக அழைத்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இந்த ஊசியால அப்பாவுக்குப் பின்னாடி கேன்சர் எதுவும் வந்துடாதே, சார்?” குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். “ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. அந்தப் பதிலில் அன்பு இருக்கிறது, தகவல் இல்லை. கேட்டவர் வீட்டுக்குப் போய்க் கைபேசியில் தேடுவார். ஹிரோஷிமா வரும், செர்னோபில் வரும். அடுத்த முறை உண்மையிலேயே தேவைப்படும் ஸ்கேனுக்கு அப்பாவைக் கூட்டிவரத் தயங்குவார். அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல எனக்கு இன்று நேரம் கொடுத்திருக்கிறீர்கள். நன்றி.

முதலில், என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எக்ஸ்ரேயிலும் சிடியிலும் கதிர் வெளியே உள்ள குழாயிலிருந்து புறப்பட்டு உடலைத் துளைத்துக்கொண்டு போகிறது. பொத்தானை அணைத்தால் கதிர் நின்றுவிடும். அணு மருத்துவத்தில் விளக்கை உடலுக்குள்ளேயே ஏற்றுகிறோம். கதிரியக்கம் உள்ள ஓர் அணுவை ஒரு மருந்தோடு பிணைத்து ரத்தக் குழாயில் ஊசியாகச் செலுத்துகிறோம். எலும்பைத் தேடும் மருந்து எலும்புக்குப் போகும், இதயத் தசையைத் தேடும் மருந்து அங்கே போகும். அங்கிருந்து வெளிவரும் காமா கதிர்களைக் கேமரா படமாக்குகிறது. கதிரியக்க அணுவைத் தடம் காட்டியாகப் பயன்படுத்தி ஓர் உயிரின் உள்ளே நடப்பதைப் பின்தொடரலாம் என்று ஜார்ஜ் ஹெவெசி 1923ல் செடிகளில் காட்டினார். அதே யோசனைதான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பொத்தான் இல்லாத இந்த விளக்கு எப்போது அணையும்? அச்சத்துக்கும் நிம்மதிக்கும் நடுவே நிற்கும் கேள்வி அதுதான். அதன் கொடுமையான பதிலை மருத்துவம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 1930களிலிருந்து 1950கள் வரை தோரோட்ராஸ்ட் என்ற மருந்தை எக்ஸ்ரே படத்தில் ரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காகச் செலுத்தினார்கள். அது தோரியம் ஆக்சைடு. படம் அருமையாக வந்தது. உடனடித் தொந்தரவும் இல்லை. ஆனால் தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கிய அந்தப் பொருளை வெளியேற்ற உடலுக்கு வழி தெரியாது. வாழ்நாள் முழுக்க உள்ளிருந்தே ஆல்பா துகள்களை வீசிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் கழித்து, சாதாரணமாக அரிதான கல்லீரல் புற்றுநோய்கள் அந்த நோயாளிகளிடம் தோன்றின. ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் என்று பல நாடுகளில் அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். அந்த வரலாறு தெரியாமல் யாரும் ஒரு நோயாளிக்குக் கதிரியக்க ஊசி போடக் கூடாது என்பது என் கருத்து.

இன்றைய ஊசிகளில் மிகப் பெரும்பாலானவை டெக்னீஷியம்-99எம் என்ற அணுவை நம்பியிருக்கின்றன. அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்குள் சிறுநீரோடு வெளியேறுவது தனிக் கணக்கு. பெட் ஸ்கேனில் பயன்படும் ஃபுளூரின்-18 இன்னும் வேகம். அதன் அரை ஆயுள் 110 நிமிடம். காலையில் போட்ட ஊசி மறுநாள் காலை கிட்டத்தட்ட எதுவும் மிச்சமில்லாமல் போய்விடும். ஸ்கேன் முடிந்தபின் “நிறையத் தண்ணி குடிங்க, அடிக்கடி பாத்ரூம் போங்க” என்று சொல்லி அனுப்புவது சம்பிரதாயத்துக்காக அல்ல. சிறுநீர்ப்பையில் மருந்து தேங்கும் நேரம் குறைந்தால் அந்தப் பைக்கும் அருகிலுள்ள உறுப்புகளுக்கும் போகும் கதிர் அளவும் குறைகிறது.

இனி எண்கள். உறுப்புகள் வாங்கிய கதிரை, ஒவ்வொன்றும் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படும் என்பதைக் கணக்கில் எடுத்து, உடல் முழுவதற்குமான ஒரே எண்ணாகச் சொல்வதற்கு மில்லிசீவர்ட் என்ற அலகு பயன்படுகிறது. மண்ணிலும் காற்றிலும் உணவிலும் விண்ணிலிருந்தும் வரும் இயற்கைக் கதிர் உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஒரு மார்பு எக்ஸ்ரே சுமார் 0.02. சிறுநீரக டிடிபிஏ ஸ்கேன் 2ஐ ஒட்டி இருக்கும். போன் ஸ்கேன் 4 முதல் 6. பெட் ஊசி மட்டும் சுமார் 7. அதோடு சேர்த்து எடுக்கும் சிடி, எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, சில மில்லிசீவர்ட் மட்டும் கூட்டலாம், ஊசியைவிட அதிகமாகவும் கூட்டலாம். இதயத்துக்கு டெக்னீஷியம் கொண்டு ஓய்வு நிலையிலும் உழைப்பு நிலையிலும் எடுக்கும் ஸ்கேன் 10ஐ ஒட்டி. தாலியத்தையும் டெக்னீஷியத்தையும் சேர்த்துச் செய்யும் பழைய முறையில் 20ஐத் தாண்டும்.

“இது எத்தனை எக்ஸ்ரேக்குச் சமம்?” என்று கேட்கிறவர்களுக்கு “போன் ஸ்கேன் இருநூறு எக்ஸ்ரே” என்று பதில் சொன்னால் கணக்கு சரி, கேட்டவர் மனதில் பதிவது தவறு. மார்பு எக்ஸ்ரே அளவுக்கு மிகச் சிறிய ஒன்றை அளவுகோலாக வைத்தால் எல்லாமே மலையாகத் தெரியும். “இயற்கையில் இரண்டு ஆண்டுகளில் நாம் வாங்கும் அளவு” என்று சொல்வதையே நான் விரும்புகிறேன்.

சரி, 10 மில்லிசீவர்ட்டால் புற்றுநோய் வருமா? நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களிடமிருந்து வந்தது. 1950லிருந்து சுமார் 94 ஆயிரம் பேரையும், ஒப்பிடுவதற்காகக் குண்டு விழுந்தபோது அந்த ஊர்களில் இல்லாத 26 ஆயிரம் பேரையும் பின்தொடர்ந்து வருகிறார்கள். அளவு கூடக் கூடப் புற்றுநோய் கூடியது அங்கே தெளிவு. 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே வரும்போது அந்த அதிகரிப்பு, வேறு காரணங்களால் வரும் புற்றுநோய்களின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகிறது. ஆகவே பாதுகாப்புக்காக ஒரு கோடு வரைகிறோம்: அளவு எவ்வளவு சிறிதானாலும் அதற்கேற்ற சிறிய அபாயம் உண்டு என்று வைத்துக்கொள்வது. அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமியின் குழு 2006ல் அந்தக் கோட்டின்படி ஒரு கணக்கு சொன்னது. நூறு பேர் ஆளுக்கு 100 மில்லிசீவர்ட் வாங்கினால் அவர்களுள் சுமார் ஒருவருக்கு அதனால் புற்றுநோய் வரலாம். அதே நூறு பேரில் 42 பேருக்கு வேறு காரணங்களால் எப்படியும் வரும். அதை 10 மில்லிசீவர்ட்டுக்குச் சுருக்கினால் ஆயிரம் பேரில் ஒருவர். அந்த 42 அமெரிக்கக் கணக்கு. நம் நாட்டில் வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பதில் ஒருவருக்குப் புற்றுநோய் வரும் என்பது 2022ஆம் ஆண்டுக்கான தேசியப் பதிவேட்டு மதிப்பீடு.

இந்த ஆயிரத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு, “நாட்டில் இத்தனை லட்சம் ஸ்கேன், ஆகவே இத்தனை ஆயிரம் மரணம்” என்று பெருக்கிச் செய்தி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மிகச் சிறிய, உறுதியற்ற ஓர் எண்ணை மிகப் பெரிய கூட்டத்தால் பெருக்கிப் பிணங்களை எண்ணக் கூடாது என்று கதிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையமே 2007ன் பரிந்துரைகளில் சொல்லியிருக்கிறது. அந்தக் கோடு எச்சரிக்கையாக நடப்பதற்காக வரைந்தது.

அந்தக் கோடு சரிதானா என்ற விவாதமும் ஓயவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் மணலில் மோனசைட் உண்டு. தோரோட்ராஸ்ட்டில் இருந்த அதே தோரியம்தான் அந்த மணலிலும். கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2009ல் வெளியானது. அங்கே பல வீடுகளில் இயற்கைக் கதிர் உலகச் சராசரியைப்போலப் பல மடங்கு. ஆனாலும் கதிர் அளவோடு சேர்ந்து புற்றுநோய் கூடியதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. மறுபுறம், பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க அணு நிலையத் தொழிலாளர்கள் மூன்று லட்சம் பேரைப் பற்றிய ஆய்வு 2023ல் வந்தது. சிறிது சிறிதாகச் சேர்ந்த கதிரிலும் புற்றுநோய் மரணம் கூடுகிறது என்றது அது. இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டுதான் நேர்மையாகப் பேச முடியும். என் முடிவு இதுதான்: ஒரு ஸ்கேனின் அபாயம் பூஜ்யம் என்று என்னால் சொல்ல முடியாது, அது மிகச் சிறியது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

நம் துறைக்கே உரிய சான்று ஒன்று சுவீடனில் இருக்கிறது, அது போதிய அளவு பேசப்படுவதில்லை. 1950களிலும் 60களிலும் தைராய்டைச் சோதிக்க அயோடின்-131 கொடுப்பார்கள். இன்றைய அளவுகளோடு ஒப்பிட்டால் தைராய்டுக்குப் போன கதிர் ஏராளம். அப்படிச் சோதிக்கப்பட்ட சுமார் 35 ஆயிரம் பேரைச் சுவீடன் ஆய்வாளர்கள் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் பார்வையில் தைராய்டு புற்றுநோய் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல்தான். ஆனால் எதற்காகச் சோதனைக்கு அனுப்பப்பட்டார்கள் என்று பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. கட்டி இருக்குமோ என்ற சந்தேகத்தில் அனுப்பப்பட்டவர்களிடம்தான் அந்தக் கூடுதல். வேறு காரணத்துக்காக வந்தவர்களிடம் இல்லை. அதாவது நோய்தான் அவர்களைச் சோதனைக்குக் கொண்டுவந்தது. சோதனை நோயைக் கொண்டுவரவில்லை. ஸ்கேன் எடுத்தவர்களுக்குப் பின்னால் புற்றுநோய் வந்தது என்று எங்கே படித்தாலும், அவர்கள் ஏன் ஸ்கேனுக்குப் போனார்கள் என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

அதே அயோடின்-131 செர்னோபிலில் வேறு முகம் காட்டியது. 1986ல் புல்லில் படிந்து, பசு மேய்ந்து, பாலில் ஏறி, குழந்தைகளின் தைராய்டில் போய்ச் சேர்ந்தது. அப்போது குழந்தைகளாகவும் பதின்வயதினராகவும் இருந்தவர்களிடம் 2005க்குள் 6,000க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாயின. சுவீடனில் சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ எல்லோரும் பெரியவர்கள். வேறுபாட்டின் பெரும்பகுதி வயதில் இருக்கிறது. நான் முன்பு சொன்ன 2006ஆம் ஆண்டுக் கணக்கிலும் அப்படித்தான்: ஒரே அளவு கதிர் வாங்கிய பத்து வயதுச் சிறுமிக்குள்ள அபாயம் எழுபது வயதுப் பாட்டிக்குள்ளதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். குழந்தையின் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. அதோடு, பத்து, இருபது, முப்பது ஆண்டு கழித்து வெளிப்படும் நோய் வெளிப்பட அவளுக்குக் காலம் இருக்கிறது. எழுபது வயதுப் பாட்டியின் போன் ஸ்கேனுக்காகக் கவலைப்படும் குடும்பங்களைப் பார்க்கிறேன். அந்தக் கவலையைப் பேத்தி பக்கம் திருப்பினால் நல்லது.

பேத்தி விஷயத்தில் நம் துறை தலைகுனிய வேண்டிய தகவல் ஒன்று உண்டு. வட அமெரிக்காவில் 13 குழந்தைகள் மருத்துவமனைகளில் நடத்திய கணக்கெடுப்பு 2008ல் வெளியானது. மிகச் சிறிய குழந்தைகளுக்குச் செலுத்தும் குறைந்தபட்ச அளவு, மருத்துவமனைக்கு மருத்துவமனை பத்து மடங்கு, சில சோதனைகளில் இருபது மடங்குவரை வேறுபட்டது. எல்லாமே குழந்தைகளுக்கென்றே இயங்கும் சிறந்த மருத்துவமனைகள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவரவர் இடத்தில் முன்பிருந்தவர் எழுதிவைத்ததைத் தொடர்ந்து செய்தார்கள், அவ்வளவுதான். பிறகு 2010ல் உடல் எடைக்கேற்ற பொது வழிகாட்டி ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். ஐரோப்பாவிலும் அதுபோன்ற அளவு அட்டை உண்டு. குழந்தைக்கு ஸ்கேன் எடுக்கும் எந்த இடத்திலும் அந்த அட்டை சுவரில் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை.

இப்போது இதயத்துக்கு வருகிறேன். கதிர் அளவைப் பற்றி நம்மால் அதிகம் செய்யக்கூடிய இடம் அதுதான்.

நம் ஊரில் இன்றும் பலர் அதைத் “தாலியம் ஸ்கேன்” என்றுதான் சொல்கிறார்கள், உள்ளே போவது டெக்னீஷியமாக இருந்தாலும். டிரெட்மில்லில் நடக்க வைத்தோ மருந்து கொடுத்தோ இதயத்தை உழைக்க வைத்து ஒரு படம், ஓய்வில் ஒரு படம். இரண்டையும் ஒப்பிட்டால் எந்தத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்று தெரியும். ஒரே நாளில் இரண்டும் எடுத்தால் இரண்டாவது ஊசி முதல் ஊசியைப்போலச் சுமார் மூன்று மடங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஊசியின் மிச்சம் படத்தைக் குழப்பும். இதில் ஓர் எளிய வழி இருக்கிறது. உழைப்புப் படத்தை முதலில் எடுங்கள். அது சுத்தமாக இருந்தால் ஓய்வுப் படம் தேவையே இல்லை. இரண்டாவது ஊசி மிச்சம், கதிரில் பெரும்பகுதி மிச்சம், நோயாளிக்கு அரை நாள் மிச்சம். இதற்குப் புது இயந்திரம் வேண்டாம். முதல் படத்தை உடனே பார்த்து முடிவு சொல்ல ஒரு மருத்துவர் இருந்தால் போதும். அந்த மருத்துவருக்கு நேரம் ஒதுக்குவதுதான் பல இடங்களில் நடப்பதில்லை.

சர்வதேச அணுசக்தி முகமை 2013ல் 65 நாடுகளின் 308 இதய ஸ்கேன் மையங்களிலிருந்து ஒரு வாரத் தரவைச் சேகரித்தது, 7,911 நோயாளிகள். ஒரு மையத்தின் சராசரி 2.2 மில்லிசீவர்ட், இன்னொன்றின் சராசரி 24.4. அதே கேள்விக்கு, அதே உறுப்பைப் பார்க்க, பத்து மடங்குக்கும் மேல் வேறுபாடு. 9க்குள் இருக்கட்டும் என்ற பரிந்துரையை எட்டிய மையங்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. “கேன்சர் வருமா?” என்ற கேள்விக்கு ஆயிரத்தில் ஒன்று என்று நான் சொன்ன விடை, நீங்கள் எந்தக் கட்டடத்தின் படியேறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நான்காயிரத்தில் ஒன்றாகவோ நானூறில் ஒன்றாகவோ ஆகலாம் என்று இதற்கு அர்த்தம். என்னை உறுத்துவது இதுதான். இயற்பியல் விதிக்கும் அபாயத்தை ஏற்றுக்கொள்ளலாம். பழக்கத்தால் வரும் அபாயத்தை ஏன் ஏற்க வேண்டும்?

பழக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டால் நியாயமில்லை. கேமராவுக்கு ஒரு படத்துக்கு இவ்வளவு காமா கதிர்கள் வந்து சேர வேண்டும் என்ற கணக்கு உண்டு. ஊசி அளவைப் பாதியாக்கினால் படுக்கையில் நேரம் இரட்டிப்பாகும். வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது ஊசியைக் கூட்டி நேரத்தைக் குறைக்கும் ஆசை எழுவது இயல்பு. அந்த நெருக்கடியில் தொழில்நுட்பரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அட்டவணை போடுகிற நிர்வாகத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும். காட்மியம் துத்தநாக டெல்லூரைடு படிகம் கொண்ட புதிய இதயக் கேமராக்கள் இந்தச் சிக்கலைக் கணிசமாகத் தளர்த்தியிருக்கின்றன. உழைப்புப் படம் மட்டும் என்ற முறையோடு சேர்த்தால் 3 மில்லிசீவர்ட்டுக்குள் முடிக்க முடியும்.

அளவு எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2009ல் உலகம் பார்த்தது. டெக்னீஷியத்தின் தாய் அணுவான மாலிப்டினத்தில் உலகத் தேவையின் கணிசமான பகுதியைத் தந்துவந்த கனடாவின் சாக் ரிவர் உலை அந்த ஆண்டு மே மாதம் கசிவால் நின்றது. 2010ல் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்க்க நின்றது. மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம். சேமித்து வைக்க முடியாது. டெக்னீஷியம் கிடைக்காத மருத்துவமனைகள் தாலியத்துக்குத் திரும்பின. தாலியத்தின் அரை ஆயுள் 73 மணி நேரம் என்பதால் நோயாளிகள் வாங்கிய கதிர் கூடியது. எங்கோ ஓர் உலையின் பழைய தொட்டி கசிந்ததற்கு, அதைப் பற்றி எதுவும் அறியாதவர்களின் உடல் விலை கொடுத்தது.

ஒரு ஸ்கேனின் அளவு சிறியது என்றேன். திரும்பத் திரும்ப எடுத்தால்? நியூயார்க்கின் ஒரு மருத்துவ மையத்தில் இதய ஸ்கேன் எடுத்த 1,097 பேரின் பழைய பதிவுகளை எல்லாம் கூட்டிப் பார்த்த ஆய்வு 2010ல் வந்தது. மற்றக் கதிர்ச் சோதனைகளையும் சேர்த்தால் அவர்களில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியவர்கள் 100 மில்லிசீவர்ட்டைத் தாண்டியிருந்தார்கள். அவர்கள் நோயாளிகள், பலருக்கு அத்தனையும் தேவைப்பட்டிருக்கும். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு ஆண்டுதோறும் “எதற்கும் ஒரு தடவை பார்த்துடலாம்” என்று எடுக்கும் ஸ்கேனைத்தான் நான் எதிர்க்கிறேன். மருத்துவமனை மாறும்போது பழைய படத்தைத் தேடாமல் மறுபடி எடுப்பதையும்.

அக்கறை எடுத்தால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் ஆளுக்குச் சராசரி ஆண்டு அளவு 3.6 மில்லிசீவர்ட். 2006ல் அது 6.2 ஆயிற்று. அதில் அணு மருத்துவத்தின் பங்கு 0.8, மருத்துவக் கதிர் மொத்தத்தில் அது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். அந்த எண்கள் வெளியானபின் கூச்சல் எழுந்தது, தேவையற்ற சோதனைகள் குறைந்தன. 2016க்குள் அணு மருத்துவத்தின் பங்கு ஏறத்தாழப் பாதியாயிற்று.

இதையெல்லாம் கேட்டுவிட்டு யாராவது ஸ்கேனே வேண்டாம் என்று எழுந்து போனால், நான் பேசியது வீண். ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய் வந்த இளைஞர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். கீமோ இரண்டு சுற்று முடிந்ததும் ஒரு பெட் ஸ்கேன். அதில் நோய் அடங்கியிருப்பது தெரிந்தால், நுரையீரலைக் கெடுக்கக்கூடிய பிளியோமைசின் என்ற மருந்தை நிறுத்திவிடலாம், குணமாகும் வாய்ப்பு கணிசமாகக் குறையாது என்று பெரிய பன்னாட்டு ஆய்வு ஒன்று 2016ல் காட்டியது. சில மில்லிசீவர்ட்டைக் கொடுத்து அவர் தன் நுரையீரலைக் காப்பாற்றிக்கொள்கிறார். அந்த இளைஞரிடம் கதிரைக் காட்டிப் பயமுறுத்துவது கொடுமை.

உங்கள் மருத்துவர் ஸ்கேன் எழுதித் தரும்போது, இதன் முடிவால் என் சிகிச்சையில் என்ன மாறும் என்று கேளுங்கள். மாறாது என்றால் எதற்கு என்று கேளுங்கள். முன்பு எடுத்த படம் இருந்தால் கொண்டுபோங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயமோ, பால் குடிக்கும் குழந்தையோ இருந்தால் ஊசிக்கு முன்பே வாய் திறந்து சொல்லுங்கள். எவ்வளவு நேரம் பால் கொடுக்காமல் இருக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். அல்ட்ராசவுண்டில் விடை கிடைக்கும் கேள்விக்குக் குழந்தையை ஊசிக்கு அனுப்பாதீர்கள்.

மருத்துவமனைகளிடமும் அரசிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2013ல் இயற்றிய கதிர்ப் பாதுகாப்பு விதிப்படி, நோயாளி வாங்கிய கதிரைப் பற்றிய தகவல் சோதனை அறிக்கையின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும். என் கைக்கு வரும் அறிக்கைகளில் ஊசியின் அளவு மில்லிகியூரி என்ற அலகில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. எடையும், செலுத்திய அளவும், சிடி சேர்ந்திருந்தால் அதன் அளவும், எல்லாம் சேர்த்த மில்லிசீவர்ட் மதிப்பும் ஒரே ஒரு வரி. கணினியே அதைப் போட்டுத் தரும். அந்த வரி இருந்தால் அடுத்த மருத்துவர் கூட்டிப் பார்ப்பார். ஒரு மையத்தின் 20க்கும் இன்னொரு மையத்தின் 5க்கும் உள்ள இடைவெளி, தனித்தனி அறைகளுக்குள் ஒளிந்திருக்காமல், நோயாளியின் கையில் உள்ள தாளிலேயே தெரியும். அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நோயாளிகள் கேட்கத் தொடங்கினால் மருத்துவமனைகள் எழுதத் தொடங்கும்.